எல்லாவற்றையும் யுத்தத்தின் மேல் போட்டுவிட முடியாது

வன்னியில் ஒரு பிள்ளை வழமைக்கு மாறாக நடக்கத் தொடங்கினால் சனம் சொல்லும் காரணம் ஒன்றுதான்: "சண்டைக்குள்ள கிடந்த பிள்ளை, அப்பிடித்தான் இருக்கும்." என் மகனைப் பற்றியும் அப்படித்தான் சொன்னார்கள். அவனுக்கு இப்போது 25 வயது. 2009 இல் ஒன்பது வயதுப் பிள்ளையாக எங்களோடு முள்ளிவாய்க்கால் வரை வந்து, பிறகு செட்டிகுளம் முகாமில் இருந்தவன்.

இருபது வயதளவில் கிணற்றடியில் அதிக நேரம் நிற்கத் தொடங்கினான். போகப் போக ஒரு குளிப்புக்கு மூன்று மணித்தியாலம் ஆனது. கை கழுவுவதற்கு ஒரு கணக்கு வைத்திருந்தான். இடையில் யாராவது கூப்பிட்டால் முதலிலிருந்து கழுவுவான். வெளியில் தொட்ட ஏதோ ஒரு அழுக்கால் வீட்டில் ஒருவர் நோய் வந்து செத்துப்போவார் என்ற பயம். அது நியாயமில்லாத பயம் என்று அவனுக்கே தெரியும். தெரிந்தும் நிறுத்த முடியவில்லை. கைத்தொலைபேசி திருத்தும் கடையில் செய்த வேலையும் நின்றுபோனது.

நூல் கட்டச் சொன்னவர்கள் இருந்தார்கள். கலியாணம் செய்துவைத்தால் மாறும் என்றவர்களும் இருந்தார்கள். ஆலோசனைக்குப் போன ஓரிடத்தில், யுத்தத்தில் என்னென்ன கண்டாய் என்று மட்டுமே அவனிடம் கேட்டார்கள். ஒரு தனியார் மருத்துவர் நித்திரைக் குளிசை எழுதித் தந்தார்.

வளர்ந்த பிள்ளையைக் கையில் பிடித்து இழுத்துக்கொண்டு போக ஏலாது. "உனக்கு மனவருத்தம்" என்றால் அவன் கதவைச் சாத்திவிடுவான். ஆனால் சவர்க்காரம் பட்டுப் பட்டு அவன் கைகள் வெடித்து இரத்தம் கசிந்தன. "தோலுக்குக் காட்டுவம்" என்றேன். அதற்கு வந்தான். வெளிநோயாளர் பிரிவிலிருந்த வைத்தியர் கையைப் பார்த்துவிட்டு, "தம்பி, ஒரு நாளைக்கு எத்தனை தரம் கழுவுறீர்?" என்று கேட்டார். அவன் அழுதுவிட்டான். அன்றே எங்களை உளநலப் பிரிவுக்கு அனுப்பினார்கள்.

அங்கேதான் இந்த நோயின் பெயரைக் கேட்டேன். எண்ணச் சுழற்சி நோய், வைத்தியர்கள் ஓ.சி.டி. என்பார்கள். விரும்பாத ஒரு எண்ணம் திரும்பத் திரும்ப வரும். அது தரும் பதற்றத்தைத் தணிக்க ஒரு செயலைத் திரும்பத் திரும்பச் செய்ய வேண்டியிருக்கும். செய்தால் கொஞ்சம் ஆறுதல் கிடைக்கும். அந்த ஆறுதலே அடுத்த முறையும் செய்யத் தூண்டும்.

யுத்தம் தந்த மனவடுவில் நடந்த சம்பவம் கனவாகவும் நினைவாகவும் திரும்ப வருகிறது. இந்த நோயில் பெரும்பாலும் நடக்காத ஒன்று நடந்துவிடுமோ என்ற பயம் வருகிறது. யுத்த அழுத்தம் இதைத் தூண்டலாம், கூட்டலாம். ஆனால் யுத்தமே காணாத நாடுகளிலும் இது இருக்கிறது. பரம்பரைக்கும் இதில் பங்குண்டு. ஒருவருக்கு இரண்டும் சேர்ந்தும் இருக்கலாம். இரண்டுக்கும் சிகிச்சை வேறு என்பதால்தான் பிரித்தறிவது முக்கியம்.

கழுவுவது மட்டும் இதன் அடையாளமல்ல. பூட்டையும் அடுப்பையும் பலதரம் பார்ப்பது, கோயிலில் நிற்கும்போது சாமியைப் பழிக்கும் எண்ணம் வருவது, கத்தியைக் கண்டால் பிள்ளையைக் குத்திவிடுவேனோ என்று நடுங்குவது எல்லாம் இதில் அடங்கும். இப்படி நடுங்குபவர் கெட்டவரல்ல. அந்த எண்ணத்தை வெறுப்பதால்தான் அவர் நடுங்குகிறார்.

சிகிச்சை இரண்டு வகை. முதலாவது மருந்து. புளுஒக்செற்றின், சேர்ட்ரலின் போன்ற மருந்துகளைக் கொடுக்கிறார்கள். மனச்சோர்வுக்குக் கொடுப்பதைவிடக் கூடிய அளவு இதற்குத் தேவைப்படலாம். பலன் தெரிய 8 முதல் 12 வாரம் வரை செல்லும். இரண்டு கிழமையில் "வேலை செய்யவில்லை" என்று விடக்கூடாது. சுகமானதும் திடீரென நிறுத்தவும் கூடாது. தொடக்கத்தில் பதற்றம் கூடினாலோ சாகும் எண்ணம் வந்தாலோ உடனே வைத்தியரிடம் சொல்ல வேண்டும்.

இரண்டாவது ஈ.ஆர்.பி. எனப்படும் பயிற்சி. பயங்களைச் சிறியதிலிருந்து பெரியதுவரை பட்டியலிட்டு, சிறியதிலிருந்து தொடங்குவார்கள். மகன் முதலில் படலையைத் தொட்டுவிட்டுப் பத்து நிமிடம் கழுவாமல் இருந்தான். பதற்றம் உச்சத்துக்குப் போய்த் தானாக இறங்கியது. பிறகு அரை மணித்தியாலம். பிறகு பஸ் கம்பி, காசு என்று போனது.

வீட்டாருக்கும் இதில் வேலை உண்டு. "அம்மா, ஒண்டும் ஆகாதுதானே?" என்று பிள்ளை இருபது தரம் கேட்டால், பதில் சொல்லாமல் எந்தத் தாய் இருப்பாள்? ஆனால் ஒவ்வொரு பதிலும் நோய்க்குத் தீனி என்று வைத்தியர் விளக்கினார். திடீரென மறுப்பதும் சரியல்ல. பிள்ளையோடு கதைத்து, அவன் சம்மதத்தோடு படிப்படியாகக் குறைக்க வேண்டும். இப்போது அவன் கேட்டால், "இது அந்த நோய் கேக்கிற கேள்வி, கொஞ்சம் பொறு ராசா" என்கிறேன்.

அவன் முழுதாகக் குணமாகிவிடவில்லை. குளிப்பு 25 நிமிடத்துக்கு வந்திருக்கிறது. கடைக்கு மறுபடி போகிறான். மனம் களைத்திருக்கும் நாட்களில் கை மீண்டும் வாளியைத் தேடும்.

உங்கள் வீட்டிலும் இப்படி ஒருவர் இருந்தால், அருகிலுள்ள அரச வைத்தியசாலையின் உளநலப் பிரிவுக்குப் போங்கள். யாழ்ப்பாணத்தில் போதனா வைத்தியசாலையிலும் தெல்லிப்பழை ஆதார வைத்தியசாலையிலும் அது இருக்கிறது. அரச கிளினிக்கில் சிகிச்சை இலவசம். தேசிய மனநல நிறுவனத்தின் 1926 என்ற இலக்கத்துக்கு எந்நேரமும் அழைக்கலாம். போகும்போது யுத்தத்தில் பட்டதைச் சொல்லுங்கள். அதோடு, ஒரு நாளில் எந்த எண்ணம் எத்தனை தரம் வருகிறது, எதைச் செய்தால் அடங்குகிறது, எத்தனை மணித்தியாலம் அதில் போகிறது என்பதையும் ஒரு தாளில் எழுதிக்கொண்டு போங்கள்.