நெருங்கிப்போன சம்பங்கிப் பாத்தியைப் பிரித்து நடுதல்

மயிலாப்பூர்க் கபாலீசுவரர் கோயிலின் மாட வீதிகளில் மாலை கட்டுவோர் கூடையில் சம்பங்கி இல்லாத நாள் அரிது. அதனையே புறக்கடையிலும் சிறு கொல்லையிலும் பயிரிட்டு, காலையில் உதிரிப்பூவாக நிறுத்துக் கொடுத்து வரும் அங்கத்தினர் சிலரிடம் ஒரே முறையீட்டை நாம் கேட்கிறோம். முதலாண்டு செழிக்கப் பூத்த பாத்தி, மூன்றாம் ஆண்டில் இலை மட்டும் காடாய் மண்டி, கதிரே விடுவதில்லையாம். உரம் போதவில்லை என்று கருதி மேலும் உரமிடுகின்றனர். குறை உரத்தில் இல்லை, நெருக்கத்தில் இருக்கிறது.

நாம் இங்கே கூறுவது கிழங்கிலிருந்து எழும் நிலச்சம்பங்கியை. மரத்தில் பூக்கும் செண்பகத்தையும் சம்பங்கி என்பாருண்டு; அது வேறு. நிலச்சம்பங்கி மெக்சிகோ நாட்டிலிருந்து வந்து நம் தெய்வங்களுக்கு மாலையான பயிர்.

இதன் இயல்பை அறிந்துகொண்டால் செய்யவேண்டியது தானே விளங்கும். ஒரு கிழங்கு ஒருமுறைதான் பூக்கும். கதிர் விட்ட தாய்க்கிழங்கு மறுபடி கதிர் விடுவதில்லை. அதன் பக்கங்களில் சேய்க்கிழங்குகள் கிளைக்கின்றன. அவை பருத்துத் திரண்டால்தான் அடுத்த பூ. ஈரெட்டுக் கிழங்குகள் ஒரு சாண் மண்ணில் முட்டிக்கொண்டு நிற்குமாயின் எதுவும் பருப்பதில்லை. எல்லாம் இலை விடும். பூப்பது ஒன்றோ இரண்டோ. குளிர்நாட்டார் தங்கள் தோட்டங்களில் விரும்பி வளர்க்கும் ஐரிஸ் செடிக்கும் இதுவே நிலை. அங்கும் பூத்த கிழங்குத்தண்டு மறுமுறை பூப்பதில்லை. ஆகவே மூன்று நான்கு ஆண்டுகளுக்கு ஒருமுறை தோண்டிப் பிரித்து நடுகின்றனர்.

காலந்தான் சென்னையில் முக்கியம். நமது மழையில் பாதிக்கு மேல் அக்டோபர் முதல் டிசம்பர் வரையில் கொட்டிவிடுகிறது. அறுபட்ட வேரோடு புதுக்கிழங்கு அந்நீரில் நின்றால் அழுகும். நாமே ஒருமுறை ஐப்பசியில் நட்டு, கார்த்திகையில் கிழங்குகளைக் கூழாக அள்ளியெறிந்தோம். ஆகையால் சித்திரையில் நீரை நிறுத்திவிடுக. இலை மஞ்சளித்து வாடியதும் கொத்தினைச் சுற்றி ஒரு சாண் தள்ளி மண்வெட்டியை இறக்கி, கிழங்கு காயப்படாமல் பெயர்க்கவேண்டும். மண்ணை உதிர்த்து, நிழலில் பரப்பி, நாலைந்து நாளைக்கு ஒருமுறை புரட்டி, ஏறத்தாழ 30 நாள் ஓய்வு கொடுக்கவேண்டும். இந்த ஓய்வைப் பலர் வீண் என்று நினைக்கின்றனர். ஓய்வு பெற்ற கிழங்கே சீராக முளைக்கிறது.

பிறகு கையாலேயே பிரித்துத் தரம் பார்க்கலாம். கதிர் போல் நடு பருத்து நுனி கூர்ந்து, 25 முதல் 30 கிராம் எடையுள்ள கெட்டிக் கிழங்குகளை நடவுக்கு வைத்துக்கொள்க. சிறியவற்றைத் தனிப் பாத்தியில் ஓராண்டு வளர்த்துப் பெரிதாக்கலாம். பூத்து ஓய்ந்து சுருங்கியவற்றைத் தள்ளிவிடவேண்டும். வேரில் சிறுசிறு முடிச்சுகள் கண்டால் அது வேர்முடிச்சு நூற்புழு. அத்தகைய கிழங்கை எவருக்கும் கொடுக்கலாகாது. மிஞ்சியதை அண்டை அங்கத்தினருக்கு வழங்குவது நம்மவர் வழக்கம். நல்ல வழக்கந்தான், ஆனால் வேரைப் பார்த்தபின். பாத்தியே பழுதாகிவிட்டால், வேறிடத்தில், பெங்களூர் இந்தியத் தோட்டக்கலை ஆராய்ச்சி நிறுவனம் உருவாக்கிய, இப்புழுவைத் தாங்கும் சிருங்கார் என்ற ஒற்றையடுக்கு இரகத்தைப் புதிதாக நடுவது மேல்.

ஆனி, ஆடியில் நடவு. வரிசைக்கு வரிசை 45 செ.மீ., கிழங்குக்குக் கிழங்கு 20 செ.மீ.; ஒரு சதுர மீட்டருக்குப் பதினொன்று. பார்க்க இடம் வெறுமையாகத் தோன்றும். தோன்றட்டும், அவ்வெற்றிடம் சேய்க்கிழங்குகளுக்கு உரியது. தியாகராய நகர் 1920களில் மாம்பலத்துப் பழைய ஏரியைத் தூர்த்து எழுந்த ஊர்; களிமண் அகப்படும் மனைகளில் பாத்தியை ஒரு சாண் உயர்த்தி, நீர் வடிய வாய்க்கால் விடுவது கட்டாயம். அடையாறுக்குக் கிழக்கே கடலோர மணலில் நீர் தேங்காது, சத்தும் தங்காது. அங்கே மட்கிய எருவும் வேப்பம் பிண்ணாக்கும் தாராளமாக வேண்டும்.

வருவாயைப் பற்றிய அச்சம் நியாயமானதே. பெயர்த்த நாள் முதல் புதுக்கதிர் வரும் வரையில் நாலைந்து மாதம் பூவில்லை. நாள்தோறும் அந்தப் பூக்காசை நம்பியிருக்கும் குடும்பத்துக்கு அது சிறிய இழப்பன்று. அதனால்தான் ஆண்டுதோறும் தள்ளிப்போடுகின்றனர், பூவும் ஆண்டுதோறும் குறைகிறது. முழுப் பாத்தியையும் ஒரே கோடையில் பெயர்க்கவேண்டும் என்று நாம் சொல்லவில்லை. இவ்வாண்டு பாதி, அடுத்த ஆண்டு மறுபாதி என்று செய்தால் கூடை ஒருநாளும் முற்றிலும் காலியாவதில்லை. எப்பாதி எப்போது நட்டது என்பது மறந்துபோகும். ஆதலால் மாதத்தையும் ஆண்டையும் ஒரு தகட்டில் எழுதிப் பாத்தியின் தலைமாட்டில் ஊன்றி வைத்துக்கொள்ளவேண்டும்.