வீட்டுத் திண்ணையில் ஓர் அச்சகம்

(இரண்டாம் ஆண்டு, இளம் அறிவியல் வேதியியல் மாணவன்)

எங்கள் ஊர் திருப்பூர். பல நாடுகளுக்குப் பனியன் தைத்து அனுப்பும் ஊர். அவ்வூரில் பிறந்து வளர்ந்தவன் நான். என் தந்தையாரோ பனியன் அச்சுப் பட்டறையில் மேசை அச்சுத் தொழிலாளி. அப்படியிருந்தும், ஒரு பனியனில் ஒரு சொல்லை அச்சிடுவது எப்படி என்பது பத்தொன்பது வயது வரை எனக்குத் தெரியாது என்று சொன்னால் நண்பர்கள் நகைப்பீர்கள். நகைப்புக்குரியதுதான். அந்த அறியாமை நீங்கிய கதையையும், அதன் வழியே நான் கற்ற எளிய கைத்தொழிலையும் இங்கே எழுத முற்படுகிறேன்.

தேவை எழுந்த கதை

சென்ற ஆண்டு முத்தமிழ் விழாவுக்குத் தொண்டர்களாக 24 பேர் பெயர் கொடுத்தோம். எல்லோரும் ஒரே மாதிரி, மார்பில் 'தமிழ்' என்று அச்சிட்ட டி-சர்ட் அணிய வேண்டும் என்று முடிவாயிற்று. கடைகளில் விசாரித்தோம். ஒரு கடையில், நூறு உருப்படிக்குக் குறைந்தால் எடுப்பதில்லை என்றார்கள். இன்னொரு கடையில் ஒன்றுக்கு 220 ரூபாய் கேட்டார்கள். அன்று மாலை என் வகுப்புத் தோழன் ஒருவன் தனியே வந்து, "என் பேரை அடிச்சிரு. எனக்கு விழாவெல்லாம் சரிப்படாது" என்றான். விழா அவனுக்குச் சரிப்படும். 220 ரூபாய்தான் சரிப்படவில்லை என்பது எனக்குத் தெரியும். "ஆளுக்கு 100 ரூபாய் கொடுங்கள், நானே அச்சிட்டுத் தருகிறேன்" என்று துணிந்து சொல்லிவிட்டேன். சொன்ன பிறகுதான் அதை எப்படிச் செய்வது என்ற கவலை பிறந்தது.

வலை எதற்கு?

அட்டையில் எழுத்தை வெட்டி எடுத்து, அந்த ஓட்டையின் மேல் வண்ணம் தடவினால் எழுத்து பதியும். இதை லாரிகளிலும் மூட்டைகளிலும் யாவரும் கண்டிருப்போம். இதில் ஓர் இடர்ப்பாடு உண்டு. 'த' என்ற எழுத்தை அட்டையில் வெட்டிப் பாருங்கள். அதன் சுழிக்குள் அகப்பட்ட சிறு துண்டு, பிடிப்பதற்கு ஏதுமின்றிக் கீழே விழுந்துவிடும். 'ம', 'ழ' ஆகியவற்றின் சுழிகளுக்கும் இதே கதிதான். அந்தத் துண்டுகள் நாற்புறமும் நீர் சூழ்ந்த தீவுகள் போன்றவை. அவற்றைக் கரையோடு இணைக்கப் பாலம் விட்டால் எழுத்து துண்டுபட்டுத் தெரியும்.

இந்தத் தீவுகளை அந்தரத்தில் நிறுத்துவது எப்படி என்பதே வலை அச்சு முறையின் மூலக் கேள்வி. சப்பானியர் துணியில் சித்திரம் பதிக்கத் தாளில் வெட்டிய அச்சுகளைப் பயன்படுத்தினர். அவற்றின் நுண்ணிய பகுதிகள் விழாமலும் விலகாமலும் இருக்க, மெல்லிய பட்டு நூல்களை ஊடே வைத்து ஒட்டினர். நூல் மிக மெலிதாகையால் வண்ணம் அதன் இருபுறமும் பரவி, நூலின் தடமே தெரியாமல் மூடிவிடும். சில நூல்களுக்குப் பதிலாகப் பட்டுத் துணியையே சட்டத்தில் இழுத்துக் கட்டினால் எல்லாத் தீவுகளும் அதன்மேல் நிற்கும் அல்லவா? பட்டு வலை அச்சு முறைக்கு இங்கிலாந்தில் மான்செஸ்டர் நகரைச் சேர்ந்த சாமுவேல் சைமன் என்பார் 1907ஆம் ஆண்டு காப்புரிமை பெற்றார். இன்று பட்டுக்குப் பதில் பாலியெஸ்டர் வலை வந்துவிட்டது. ஆயினும் 'சில்க் ஸ்கிரீன்' என்ற பெயர் நிலைத்துவிட்டது.

ஆகவே நமக்கு வேண்டியவை மூன்று: இழுத்துக் கட்டிய ஒரு வலை; எழுத்து நீங்கலாக மற்ற கண்களை அடைக்க ஒரு பொருள்; வண்ணத்தைக் கீழே தள்ள ஒரு தகடு.

வாங்கிய பொருள்கள்

பட்டறைகளில் பனியனுக்குச் சென்டிமீட்டருக்கு 43 நூல் கொண்ட வலையைப் பரவலாகப் பயன்படுத்துகிறார்கள். நான் அதைத் தேடிப் போகவில்லை. துணிக்கடையில் கிடைக்கும் ஆர்கன்சா துணியே போதுமானதாக இருந்தது. என் கணக்கு வருமாறு:

காதர்பேட்டையில் வாங்கிய வெள்ளை டி-சர்ட் 25 (ஒன்று 70 ரூபாய்) – 1,750 ரூபாய்
10 அங்குல எம்பிராய்டரி வளையம் – 70 ரூபாய்
ஆர்கன்சா துணி அரை மீட்டர் – 45 ரூபாய்
எனாமல் பெயிண்ட், சிறிய டப்பா – 45 ரூபாய்
தூரிகை – 15 ரூபாய்
நீல நிறத் துணி வண்ணம், 100 மில்லி புட்டி இரண்டு – 220 ரூபாய்
ஆக மொத்தம் – 2,145 ரூபாய்

வண்ணம் இழுக்கும் தகட்டுக்குக் காலாவதியான பழைய வங்கி அட்டை ஒன்று கிடைத்தது. அதற்குச் செலவில்லை. கையிருப்பு 255 ரூபாய்.

செய்முறை

முதலில் டி-சர்ட்டுகளைச் சோப்பு நீரில் அலசிக் காயவைக்க வேண்டும். புதுத் துணியில் மென்மைக்காக ஏற்றியிருக்கும் பூச்சு, வண்ணத்தை நூலுக்குள் இறங்கவிடாது.

வெள்ளைத் தாளில் எழுத்தைத் தடிப்பாக எழுதிக்கொள்ளுங்கள். நான் 16 சென்டிமீட்டர் நீளமும் 6 சென்டிமீட்டர் உயரமும் வைத்துக்கொண்டேன். ஆர்கன்சாவை வளையத்தில் மாட்டி, விரலால் தட்டினால் தமுக்கு போல் ஒலிக்கும் அளவுக்கு இறுக்குங்கள். வளையத்தின் ஒரு பக்கத்தில் துணி விளிம்போடு சமமாக இருக்கும். மறுபக்கம் தாம்பாளம் போல் குழிந்திருக்கும். சமமான பக்கம் கீழே வருமாறு தாளின்மேல் வைத்து, குழிவின் உள்ளே பென்சிலால் எழுத்தின் ஓரத்தை வரையுங்கள்.

இனி வளையத்தைக் கவிழ்த்துவிடுங்கள். எழுத்து இடம் வலம் மாறித் தெரியும், பதற வேண்டாம். பென்சில் கோட்டுக்கு வெளியே உள்ள பகுதி முழுவதையும் எனாமல் பூசி அடையுங்கள். சுழிக்குள் இருக்கும் தீவுகளையும் மறவாமல் அடையுங்கள். எழுத்தின் உடல் மட்டும் திறந்த வலையாக நிற்க வேண்டும். காற்றோட்டமான இடத்தில் ஒரு நாள் காயவிட்டு, வெளிச்சத்துக்கு நேரே பிடித்துப் பாருங்கள். ஊசிமுனை அளவு ஒளி தெரிந்தாலும் அங்கே மீண்டும் ஒரு பூச்சு வேண்டும்.

முதலில் நான் எனாமலுக்குப் பதில் பள்ளிப் பிள்ளைகள் தாள் ஒட்டும் வெள்ளைப் பசையைத்தான் பூசினேன். பழைய பனியனில் வைத்துப் பார்த்த நான்காவது அச்சிலேயே எழுத்தின் ஓரம் ஊறிப் பிசுபிசுத்தது. காரணம் எளிது. துணி வண்ணம் நீரில் கலந்தது. அந்தப் பசையும் நீரில் இளகுவது. நீர் வண்ணத்துக்கு நீரில் கரையாத அடைப்பே வேண்டும்.

அச்சிடும்போது டி-சர்ட்டினுள் ஓர் அட்டையைச் செருகிவிடுங்கள். இல்லையேல் முன்பக்க வண்ணம் முதுகிலும் ஒட்டிவிடும். வளையத்தின் சமமான பக்கத்தைத் துணியில் பொருத்தி வைத்து, ஒருவர் அழுத்திப் பிடிக்க வேண்டும். எனக்குப் பிடித்தவள் என் தங்கை. எழுத்தின் இடப்புறம் வண்ணத்தை ஒரு கோடாக ஊற்றி, அட்டையைச் சற்றுச் சாய்த்துப் பிடித்து, ஒரே சீராக வலப்புறம் இழுங்கள். மீண்டும் ஒரு முறை. வண்ணத்தில் தண்ணீர் கலக்க வேண்டாம், கலந்தால் பரவும். பிறகு வளையத்தை ஒரு பக்கமிருந்து கதவு திறப்பது போல் தூக்குங்கள். முதல் துணியிலிருந்து வளையத்தைத் தூக்கியபோது, 'தமிழ்' என்ற சொல் தன் சுழிகளெல்லாம் வெண்மையாகத் துலங்க எழுந்து நின்றது. தங்கை கைதட்டினாள். எனக்கும் அச்சுக்கலையை வென்றுவிட்ட எண்ணம்!

இரு தவறுகள்

அந்தச் செருக்கு அன்றே அடங்கியது. ஐந்து உருப்படி முடித்ததும் தேநீர் அருந்தப் போய்க் கால்மணி நேரம் கழித்து வந்தேன். அதற்குள் வலைக்கண்களில் வண்ணம் உலரத் தொடங்கியிருந்தது. மிகச் சிறிய திறப்பே முதலில் அடைபடும் என்பது எனக்கு அப்போது தோன்றவில்லை. அடுத்த மூன்றிலும் புள்ளி விழவில்லை; 'தமிழ' என்றே பதிந்தது. நான் அதைக் கவனிக்கவுமில்லை. மறுநாள் மாதிரிக்காகத் தமிழ்த்துறையில் காட்டியபோது பேராசிரியர் கண்ணாடியை உயர்த்திப் பார்த்துவிட்டு, "தம்பி, புள்ளி வைக்காமல் எழுதியது ஓலைச்சுவடிக் காலம். உன் பனியன் அவ்வளவு பழையதா?" என்றார். மெய்யெழுத்துப் புள்ளி பெறும் என்று விதித்த தொல்காப்பியரிடம் மன்னிப்பு வேண்டிக்கொண்டு, தூரிகை முனையால் மூன்றுக்கும் புள்ளி வைத்தேன். இடையில் நிறுத்தாமல் அச்சிட வேண்டும். நிறுத்தினால் வளையத்தை உடனே பழைய பல்துலக்கியால் தேய்த்துக் கழுவிவிட வேண்டும் என்பது முதற் பாடம்.

இரண்டாவது தவறுக்குச் சிரிக்க முடியவில்லை. அச்சிட்ட எட்டையும் வெயிலில் இரண்டு மணி நேரம் போட்டேன். தொட்டுப் பார்த்தேன், கையில் ஒட்டவில்லை. காய்ந்தது என்று எண்ணி, பெயரை அடிக்கச் சொன்ன அந்தத் தோழனுக்கே முதல் டி-சர்ட்டைக் கொடுத்தேன். மறுநாள் மாலை அவன் வீட்டில் அதை மற்றத் துணிகளோடு சோப்புத் தூளில் ஊறவைத்திருக்கிறார்கள். எழுத்து கலைந்து வெறும் நீலக் கறையாயிற்று. அதனுடன் ஊறிய அவன் தந்தையாரின் வெள்ளை வேட்டியிலும் நீலத் திட்டுகள். அவன் என்னைத் திட்டவில்லை. "பரவால்ல விடு" என்று மட்டும் சொன்னான். திட்டியிருந்தால் தேவலை என்று இருந்தது.

அப்பா சொன்ன பாடம்

அன்றிரவு அப்பா வேலை முடிந்து வந்ததும் அந்த டி-சர்ட்டை அவர் முன்னே வைத்தேன். விரலால் தடவிப் பார்த்தார்.

"ஏங்கண்ணு, சூடு குடுத்தியா?"

"இல்லீங்கப்பா. வெயில்ல காயப் போட்டனுங்க."

"வெயில்ல தண்ணிதான் போகும் கண்ணு. கலர் புடிக்கறது சூட்டுலதான். அச்சுப் போடறது கால்வாசி வேலை. மிச்சம் முக்கால்வாசி அதுக்கப்புறம்."

வேதியியல் படிக்கும் எனக்கு இது உறைத்தது. சாயம் என்பது நூலோடு தானே பிணையக்கூடியது. நிறமி அப்படிப்பட்டதன்று, பருத்தியோடு அதற்கு ஒட்டுறவே இல்லை. துணி வண்ணத்தில் நிறமித் துகள்களோடு 'பைண்டர்' எனும் அக்ரிலிக் பிசின் துளிகள் நீரில் மிதக்கின்றன. நீர் வெளியேறியதும் துளிகள் நெருங்குகின்றன, அவ்வளவுதான். வெப்பம் பட்டால்தான் அவை நன்கு ஒன்றோடொன்று இணைந்து படலமாகி, நிறமியை நூலோடு சேர்த்துப் பூட்டுகின்றன. பட்டறைகளில் இதற்கெனவே அச்சிட்ட துணியை ஏறத்தாழ 150 பாகை செல்சியஸ் வெப்பத்தில் சில நிமிடம் செலுத்துகிறார்கள். கைக்கு ஒட்டாதது எல்லாம் காய்ந்தது அன்று. காய்ந்தது எல்லாம் பிடித்தது அன்று.

வீட்டில் அதற்கு இஸ்திரிப் பெட்டி போதும். 24 மணி நேரம் காயவிட்டு, எழுத்தின்மேல் மெல்லிய பருத்தித் துணியை விரித்து, பருத்திக்கு உரிய சூட்டில், நீராவி இல்லாமல், மெல்ல நகர்த்தியபடி ஐந்து நிமிடம் தேய்க்க வேண்டும். பிறகு உட்புறமும் தேய்க்க வேண்டும். மூன்று நாள் கழித்தே துவைக்க வேண்டும். மீதி ஏழையும் அப்படித் தேய்த்துக் காப்பாற்றினேன். அடுத்த ஞாயிறு அப்பாவும் திண்ணையில் வந்து அமர்ந்தார். எஞ்சிய உருப்படிகளை இருவரும் அச்சிட்டோம். அவர் கை இழுத்த இழுப்பில் ஒரு கோடும் பிசகவில்லை. இத்தனை ஆண்டுகளாக அந்தக் கை என்ன செய்கிறது என்று நான் கேட்டதே இல்லை.

ஓர் எச்சரிக்கை

பட்டறைகளில் எழுத்தைத் தூரிகையால் அடைப்பதில்லை. ஒளிபட்டால் இறுகும் பசையை வலையில் பூசி, படத்தை வைத்து ஒளி காட்டி, ஒளி படாத இடத்தைக் கழுவி எடுக்கிறார்கள். மலிவாக இருக்கிறதே என்று டைக்ரோமேட் உப்பை வாங்கிப் பசையில் கலந்து வீட்டில் இதைச் செய்ய முயல வேண்டாம். அதிலுள்ள ஆறு இணைதிறன் குரோமியம் புற்றுநோய் விளைவிக்கக்கூடிய நஞ்சு. கழுவிய நீர் நேரே சாக்கடைக்குத்தான் போகும். சாயக்கழிவால் நொய்யல் பட்ட பாட்டை எங்கள் ஊரார் அறிவர். 2011 சனவரியில் திருப்பூர்ச் சாயப்பட்டறைகளை மூடுமாறு சென்னை உயர்நீதிமன்றம் ஆணையிடும் அளவுக்கு அது முற்றியது. நம் சிறு வளையமும் அந்த ஆற்றின் கரையில்தான் இருக்கிறது. தூரிகையில் மிஞ்சிய எனாமலைக்கூடப் பழந்துணியில் துடைத்துவிட்டுக் குப்பையில் சேர்ப்பதே முறை.

முடிவாக

கூடுதலாக வாங்கியிருந்த இருபத்தைந்தாவது டி-சர்ட் அந்தத் தோழனுக்குப் போயிற்று. நண்பர்கள் அனைவரும் ஒப்ப, கையிருப்பு 255 ரூபாயில் அவன் தந்தையாருக்கு ஒரு நாலு முழ வேட்டி வாங்கினோம். விழாவன்று 24 பேரும் ஒரே உடையில் நின்றோம். பெயரை அடிக்கச் சொன்னவன்தான் வாயிலில் நின்று விருந்தினரை வரவேற்றான்.

அச்சுக்குத் தேர்வு நடப்பது மேடையில் அன்று, சலவைக் கல்லில்தான். இதை எழுதும் இந்நாள் வரை என் டி-சர்ட்டை முப்பது முறைக்கு மேல் துவைத்தாயிற்று. நீலம் சற்றே மங்கியிருக்கிறது. புள்ளி மட்டும் அப்படியே இருக்கிறது.