விரும்பும் விளம்பரமும் வெறுக்கும் விளம்பரமும்

இந்தியத் தொலைக்காட்சியில் விளம்பரங்கள் இடம்பெறத் தொடங்கியது 1976 சனவரி 1 அன்று. அவற்றுள் விரும்பத்தக்கது எது, வெறுக்கத்தக்கது எது?

பொருளின் இயல்பைக் கூறும் விளம்பரம் விரும்பத்தக்கது. அம்பத்தூரில் உருவான ஹெர்குலிஸ் மிதிவண்டி உறுதியானது என்றால், ஓட்டிப் பார்த்து உண்மையறியலாம். நிர்மா சலவைத்தூள் விளம்பரத்திலே வெண்ணிற உடையணிந்த சிறுமி சுழன்றாடுவாள். அங்கே வெளுப்பது துணி.

முகப்பூச்சு விளம்பரங்கள் பலவற்றிலோ, கரிய நிறத்தால் வேலையும் மணமும் கைகூடாத பெண், பூச்சினால் வெளுத்து வெற்றி பெறுவாள். துணியின் அழுக்கு குறைதான். தோலின் நிறம் குறையாகுமா? கண்டனம் வலுக்கவே, 2020 இல் 'ஃபேர் அண்ட் லவ்லி' தன் பெயரிலிருந்து 'ஃபேர்' என்ற சொல்லை நீக்கிற்று. எனினும் மனத்தில் விதைத்த தாழ்வு பெயர் மாற்றத்தால் அகலாது.

மாணவர்களே, ஒவ்வொரு விளம்பரமும் முடிந்தபின் வினவுங்கள்: இது பொருளைப் புகழ்ந்ததா, என்னை இகழ்ந்ததா?