பெருவிரலில் வந்த வலி

புனே நகரத்தில் கட்கி என்று ஒரு பகுதி உண்டு. அங்கே தமிழ்க் குடும்பங்கள் பல வாழ்கின்றன. அங்கே ஒரு கொத்தனார் இருப்பதாக வைத்துக்கொள்வோம். அவருக்கு வயது 45. ஒரு நாள் இரவு நன்றாகச் சாப்பிட்டார். படுத்தார். தூங்கினார்.

நடு இரவில் திடுக்கிட்டு விழித்தார். வலது காலின் பெருவிரல் தீயாக எரிந்தது. விரலின் அடி மூட்டு சிவந்து வீங்கியிருந்தது. போர்வை பட்டால்கூட வலித்தது. காலையில் அவரால் தரையில் கால் ஊன்ற முடியவில்லை. வேலைக்குப் போகவில்லை. அன்றைய கூலி போயிற்று.

அக்கம்பக்கத்தார் வந்தார்கள். ஆளுக்கு ஒரு வைத்தியம் சொன்னார்கள்.

"சுளுக்குதான். எண்ணெய் போட்டு நல்லா உருவி விடுங்க" என்றார் ஒருவர்.

"சூடா ஒத்தடம் கொடுங்க" என்றார் இன்னொருவர்.

"தம்பி, இது வாதம். கண்வலிக் கிழங்கைக் கஷாயம் வச்சுக் குடி. ஓடிப்போயிடும்" என்றார் ஒரு பெரியவர்.

அதே தெருவில் ஒரு நர்ஸ் குடியிருந்தார். அவர் பதறிப்போனார். "அண்ணே, கிழங்கு மட்டும் வேண்டாம். அது உயிரையே எடுத்துடும். முதல்ல ஆஸ்பத்திரிக்கு வாங்க" என்றார்.

நர்ஸ் சொன்னது சரி. ஏன் சரி?

இது என்ன நோய்?

இந்த நோய்க்கு ஆங்கில மருத்துவத்தில் கவுட் என்று பெயர். ஆயுர்வேதத்தில் இதை வாதரத்தம் என்பார்கள். இதற்குக் காரணம் யூரிக் அமிலம் என்னும் கழிவுப் பொருள். நம் உடலிலும் உணவிலும் பியூரின் என்ற பொருள் இருக்கிறது. அது சிதையும்போது யூரிக் அமிலம் உண்டாகிறது. சிறுநீரகம் அதைச் சிறுநீரில் வெளியேற்றுகிறது.

சிலருக்கு அது சரியாக வெளியேறுவதில்லை. இரத்தத்தில் சேர்ந்துவிடுகிறது. 100 மில்லி இரத்தத்தில் 6.8 மில்லிகிராமுக்கு மேல் போனால், அது கரைந்து நிற்காது. சர்க்கரைப் பாகு ஆறும்போது கற்கண்டு படிகிறது அல்லவா? அதுபோல யூரிக் அமிலம் மூட்டுகளில் ஊசி ஊசியாகப் படிகிறது. உடம்பில் குளிர்ச்சியான இடம் கால் விரல். ஆகவே பெரும்பாலும் அங்கேதான் முதலில் வலி வரும்.

ஆண்களுக்கு இந்த நோய் அதிகம். பெண்களுக்கு மாதவிலக்கு நின்ற பிறகு வரலாம். பரம்பரையாகவும் வரும். உடல் பருமன், இரத்த அழுத்தம், சிறுநீரக நோய் உள்ளவர்களுக்கு ஆபத்து கூடுதல்.

வலி வந்தால் என்ன செய்வது?

காலை உயரமாக வைத்து ஓய்வு கொடுக்க வேண்டும். ஐஸ் கட்டியைத் துணியில் சுற்றி, வீங்கிய இடத்தில் சிறிது நேரம் வைக்கலாம். வலி குறையும். உருவி விடக் கூடாது. சூடான ஒத்தடமும் அப்போது வேண்டாம். தண்ணீர் நிறையக் குடிக்க வேண்டும். ஆனால் இதய நோய், சிறுநீரக நோய் உள்ளவர்கள் தண்ணீரின் அளவை மருத்துவரிடம் கேட்டுக்கொள்ள வேண்டும்.

மூட்டு வீக்கத்தோடு காய்ச்சலும் இருந்தால் அன்றே மருத்துவமனைக்குப் போக வேண்டும். மூட்டில் சீழ் பிடித்தாலும் இப்படித்தான் சிவந்து வீங்கும்.

எதைச் சாப்பிடலாம்?

குறைக்க வேண்டியவை: ஈரல், சுவரொட்டி போன்ற உறுப்புக் கறிகள். ஆட்டுக்கறி. நெத்திலி, மத்தி, கருவாடு. இனிப்புக் கலந்த பாட்டில் பானங்கள். சாராயம், பிராந்தி எல்லாமே கெடுதல். பீர் மிகவும் கெடுதல்.

பருப்பையும் கீரையையும் கண்டு பயப்பட வேண்டாம். அவற்றிலும் பியூரின் உண்டு. ஆனால் அவற்றால் இந்த நோய் கூடுவதில்லை என்று ஆய்வுகள் காட்டுகின்றன. கொழுப்பு எடுத்த பாலும் மோரும் நல்லவை. கடும் வெயிலில் வேலை செய்பவர்கள் தண்ணீர் குடிக்காமல் இருக்கக் கூடாது.

பட்டினி மருந்தாகுமா?

புனேவுக்கும் இயற்கை வைத்தியத்துக்கும் பழைய உறவு உண்டு. புனேவுக்குக் கிழக்கே உருளி காஞ்சன் என்ற ஊர் இருக்கிறது. 1946 மார்ச் மாதம் காந்தியடிகள் அங்கே தங்கி, ஏழைகளுக்கு இயற்கை வைத்தியம் செய்தார். அங்கே தொடங்கிய ஆசிரமத்தை மணிபாய் தேசாய் வளர்த்தார். எளிய உணவு, சுத்தமான தண்ணீர், உடல் உழைப்பு, மது இல்லாத வாழ்க்கை ஆகியவை இயற்கை வைத்தியத்தின் பாடங்கள். கவுட் நோயாளிக்கும் இவை நன்மை தரும்.

ஆனால் ஒன்றில் கவனம் வேண்டும். பட்டினி கிடந்தால் இரத்தத்தில் யூரிக் அமிலம் கூடும். வலி திடீரென்று வரும். எனவே கவுட் உள்ளவர்கள் தாமாக நீண்ட உபவாசம் இருக்கக் கூடாது. உடல் எடையையும் மெதுவாகத்தான் குறைக்க வேண்டும்.

கிழங்கும் மாத்திரையும்

இனி அந்தப் பெரியவர் சொன்ன கிழங்குக்கு வருவோம். அவர் சொன்னதில் பாதி உண்மை இருக்கிறது.

கண்வலிக் கிழங்கு என்பது செங்காந்தளின் கிழங்கு. செங்காந்தள் தமிழ்நாட்டின் மாநில மலர். மராத்தியில் இதற்குக் களலாவி என்று பெயர். மழைக்காலத்தில் மேற்குத் தொடர்ச்சி மலையில் பூக்கும். ஒட்டன்சத்திரம், மூலனூர் பக்கங்களில் உழவர்கள் இதைப் பயிரிடுகிறார்கள். விதைக்காகவே பயிரிடுகிறார்கள். விதையிலிருந்து கோல்ச்சிசின் என்ற மருந்துப் பொருளை எடுக்கிறார்கள். கவுட் வலிக்கு மருத்துவர் கொடுக்கும் மாத்திரைகளில் ஒன்று இந்தக் கோல்ச்சிசின்தான்!

அப்படியானால் கிழங்கைச் சாப்பிட்டால் என்ன? அங்கேதான் ஆபத்து. ஒரு மாத்திரையில் இருப்பது அரை மில்லிகிராம் மருந்து. கிழங்கில் எவ்வளவு இருக்கிறது என்று யாருக்கும் தெரியாது. அளவு மீறினால் வாந்தியும் வயிற்றுப்போக்கும் வரும். பிறகு சிறுநீரகம், இதயம் எல்லாம் கெடும். இலங்கையில் இதை உண்ணும் கிழங்கு என்று தவறாக எண்ணிச் சாப்பிட்டு இறந்தவர்கள் உண்டு. கோல்ச்சிசின் மாத்திரையையும் மருத்துவர் சொன்ன அளவுக்கு மேல் விழுங்கக் கூடாது.

பெயர் இல்லாத பொட்டலப் பொடிகளும் வேண்டாம். சில பொடிகளில் ஸ்டீராய்டு மருந்தைக் கலந்து விற்றிருக்கிறார்கள். வலி உடனே போகும். பிறகு எலும்பு தேயும். சர்க்கரை நோய் கூடும்.

வலி நின்ற பிறகு

வலி ஒரு வாரம், பத்து நாளில் நின்றுவிடும். நோய் போய்விட்டது என்று தோன்றும். ஆனால் ஊசிகள் மூட்டில் அப்படியே இருக்கும். அடிக்கடி வலி வருகிறவர்களுக்கு யூரிக் அமிலத்தைக் குறைக்க அலோபியூரினால் என்ற மாத்திரை உண்டு. இதைத் தினமும் சாப்பிட வேண்டும். யூரிக் அமிலத்தின் அளவு 6-க்குக் கீழே இருக்க வேண்டும். உணவுக் கட்டுப்பாடு மட்டும் பலருக்குப் போதாது. மாத்திரை சாப்பிடும்போது தோலில் தடிப்பு வந்தால் உடனே நிறுத்திவிட்டு மருத்துவரைப் பார்க்க வேண்டும்.

இரத்த அழுத்தத்துக்குக் கொடுக்கும் சில மாத்திரைகள் யூரிக் அமிலத்தைக் கூட்டும். அவற்றை மருத்துவரைக் கேட்காமல் நிறுத்தக் கூடாது.

நம் கொத்தனார் மருத்துவமனைக்குப் போனார். இரத்தப் பரிசோதனை செய்தார்கள். மாத்திரை கொடுத்தார்கள். சில நாளில் கால் ஊன்றினார். இப்போது குடிப்பதை விட்டுவிட்டார். வேலைக்குப் போகும்போது சாப்பாட்டுத் தூக்கோடு ஒரு பெரிய தண்ணீர் பாட்டிலும் போகிறது.

பெரியவர் ஒரு நாள் கேட்டார்: "என்ன தம்பி, கிழங்கு குடிக்காமலே சரியாப் போச்சா?"

கொத்தனார் சிரித்தார். "கிழங்கில் இருக்கிற மருந்தைத்தான் ஐயா சாப்பிட்டேன். ஆனால் அளந்து சாப்பிட்டேன்."