வேலியோரத்துச் செங்காந்தள்

செட்டிநாட்டில் ஆடி கழிந்து மழை விழுந்ததும் வேலிமுள்ளுக்குள்ளிருந்து ஒரு கொடி தலைநீட்டும். ஐப்பசி, கார்த்திகையில் அது சிவக்கச் சிவக்கப் பூத்து நிற்கும். செங்காந்தள் தமிழ்நாட்டின் மாநில மலர். ஆனாலும் வீட்டுத் தோட்டத்தில் காகிதப்பூவுக்கும் குரோட்டன்ஸுக்கும் கிடைக்கும் இடம் இதற்குக் கிடைப்பதில்லை. கிடைக்க வேண்டும் என்பேன்.

கண்வலிக்கிழங்கு, கலப்பைக்கிழங்கு என்றால் பெரியவர்களுக்குத் தெரியும். கலப்பைபோல் வளைந்த கிழங்கின் நுனியில்தான் முளைக்கண் இருக்கிறது. அது ஒடிந்தால் முளைக்காது. தண்ணீர் தேங்காத செம்மண்ணில், வேலியை ஒட்டி நடுங்கள். பந்தல் தேவையில்லை. இலை நுனியே பற்றுக்கம்பியாக நீண்டிருக்கும். எதையாவது தொட்டதும், தொடாத பக்கத்துச் செல்கள் வேகமாக வளர, நுனி சுருண்டு பற்றிக்கொள்ளும்.

பூவைச் சில நாள் தொடர்ந்து பாருங்கள். முதலில் பச்சை கலந்த மஞ்சள். பிறகு மஞ்சளும் சிவப்பும். கடைசியில் முழுச் சிவப்பு. ஆறு இதழ்களும் பின்னோக்கி மடங்கியிருக்க, சூல்தண்டு மட்டும் அடியிலேயே ஏறக்குறையச் செங்கோணமாகத் திரும்பி மகரந்தப்பைகளை விட்டு விலகி நிற்கும். தன் மகரந்தம் தன்மேல் எளிதில் விழாது. வண்ணத்துப்பூச்சியோ தேன்சிட்டோ வர வேண்டும். திண்டுக்கல், திருப்பூர் பக்கம் விதைக்காகப் பயிரிடுகிறவர்கள் பூச்சியை நம்பியிராமல் காலையில் கையாலேயே மகரந்தம் தொட்டுவைக்கிறார்கள்.

அந்த விதைக்கு மதிப்பு கோல்சிசின் என்ற நஞ்சால். செல் இரண்டாகப் பிரியும்போது குரோமோசோம்களை இருபுறமும் இழுக்கும் நுண்குழல்களை அது உருவாகவிடாது. அளவறிந்து கொடுத்தால் யூரிக் அமிலத்தால் வரும் மூட்டுவலிக்கு மருந்து. 1937-இல் அமெரிக்காவில் பிளேக்ஸ்லீயும் ஏவரியும் இதைக் கொண்டு செடிகளின் குரோமோசோம்களை இரட்டிப்பாக்கலாம் என்று காட்டினார்கள். விதையில்லாத் தர்பூசணி அந்த வழியில் வந்ததுதான். செடி கோல்சிசினை எப்படிச் சமைக்கிறது என்பது வெகுகாலம் புதிராக இருந்தது. 2020-இல் ஸ்டான்ஃபோர்டு பல்கலைக்கழக ஆய்வாளர்கள் செங்காந்தளின் மரபணுக்களைத் தேடிப்பிடித்து, புகையிலை இனச் செடி ஒன்றுக்குள் செலுத்தி, கோல்சிசினுக்கு முந்தைய மூலக்கூற்றை அதிலேயே விளையவைத்தார்கள்.

இதே நஞ்சு உள்ள கிழங்கை வள்ளிக்கிழங்கு என்று எண்ணித் தின்று உயிரிழந்தவர்கள் உண்டு. குழந்தைகளுக்கும் ஆடுமாடுகளுக்கும் எட்டாத இடம் பாருங்கள். கையுறை போட்டு நடுங்கள்.

காய் முற்றியதும் கொடி காய்ந்துபோகும். செத்துவிட்டதென்று பிடுங்கிவிடாதீர்கள். பழைய கிழங்கு சுருங்க, புதுக்கிழங்கு மண்ணுக்குள் உறங்கும். அப்போது தண்ணீர் ஊற்றினால் அழுகிவிடும். விதைக்கிழங்கைப் பயிரிடுகிறவர்களிடமே வாங்குங்கள். மருந்துக்காகத் தோண்டித் தோண்டிக் காட்டில் இது அருகிவருகிறது. கண்மாய்க்கரையில் நிற்பது அங்கேயே நிற்கட்டும்.