வகுப்பறைக்கு வந்த கல்

தில்லியில் முதல் வகுப்பிலே சேர்ந்திருக்கும் ஒரு தமிழ்க் குழந்தையை எண்ணிப் பாருங்கள். "கிதாப் கல் லானா" என்கிறார் ஆசிரியை. மறுநாள் அக்குழந்தை ஒரு கையில் புத்தகமும் மறு கையில் ஒரு கல்லுமாக வந்து நிற்கிறது! 'கல்' என்றால் இந்தியில் 'நாளை' என்று அது எங்ஙனம் அறியும்? வகுப்பு முழுவதும் சிரிக்கிறது.

சில மாதங்கள் செல்கின்றன. இந்தியில் நேற்றைக்கும் நாளைக்கும் 'கல்' என்ற ஒரு சொல்லே உரியது. எந்த நாள் என்பதை வினைச்சொல்தான் காட்டும். இதிலே பழகிய குழந்தை வீட்டுக்கு வந்து, "நாளைக்குப் பள்ளிக்கூடத்தில் பாடினேன்" என்கிறது. இம்முறை சிரிப்பவர்கள் நாம்.

இவற்றை அறியாமை என்று தள்ளிவிடலாகாது. தமிழ் மட்டுமே பேசும் குழந்தையும், "பந்தைப் போடினேன்" என்று சொல்வதுண்டு. பெரியவர் எவரும் அவ்வாறு சொல்லி அது கேட்டதில்லை. ஓடு, ஓடினேன், பாடு, பாடினேன், ஆகவே போடு, போடினேன்! கேட்டதைத் திருப்பிச் சொல்லாமல், தானே ஒரு விதியைக் கண்டு அதைக் கையாளுகிறது குழந்தை.

இவ்வுண்மையை 1958ஆம் ஆண்டில் ஜீன் பெர்க்கோ என்ற அமெரிக்க அறிஞர் ஓர் ஆய்வினால் விளக்கினார். இல்லாத பிராணி ஒன்றின் படத்தைக் காட்டி, அதன் பெயர் 'வக்' என்றார். பிறகு இரண்டு பிராணிகளைக் காட்டி, இவை என்னவென்று ஆங்கிலம் பேசும் சிறுவரை வினவினார். அதற்குமுன் கேட்டேயிராத அச்சொல்லுக்குப் பெரும்பாலோர் 'வக்ஸ்' என்று பன்மை கூறினர். மனப்பாடத்தால் வரக்கூடிய விடையன்று அது.

ஆகவே, பிழை கேட்டால் என்ன செய்வது? பலர் முன் எடுத்துச் சொல்லி நகைக்க வேண்டாம். "அப்படியா, நேற்றுப் பாடினாயா? என்ன பாட்டு?" என்று திருந்திய சொல்லையே பேச்சில் கலந்து திருப்பித் தந்தால் போதும்.

பள்ளியிலும் நகைப்பு, வீட்டிலும் நகைப்பு என்றால், குழந்தை வாய் திறக்கவே கூசும். இரு மொழிகளுள் ஒன்றைக் கைவிடவும் துணியும். வெளி மாநிலத்தில் வாழும் நம் வீடுகளில், கைவிடப்படுவது பெரும்பாலும் தமிழாகவே இருக்கும். பிறகு ஊரிலிருந்து வரும் பாட்டியோடு பேச அக்குழந்தைக்கு மொழி இராது.

கல்லைக் கொண்டுவந்த குழந்தை ஆசிரியையின் சொல்லைச் செவ்வனே கேட்டது. தனக்குத் தெரிந்த மொழியில் அதற்குப் பொருளும் கண்டது. அதை முதலில் பாராட்டுவோம். பிறகு அதனோடு சேர்ந்தே சிரிப்போம்.