பார்த்து எழுதுவது எழுத்தாகுமா?
நடுநிலை வகுப்புகளில் ஆங்கில வாசிப்பும் எழுத்தும்

திருப்பூரின் வடபகுதியில், ஊராட்சியாக இருந்து பின்னர் மாநகராட்சியோடு இணைந்த நெருப்பெரிச்சல், பின்னலாடைத் தொழிலைச் சுற்றி வாழும் பகுதிகளுள் ஒன்று. இங்கு கட்டிங், ஓவர்லாக், செக்கிங், அயனிங், பேக்கிங், ஷிப்மென்ட், பீஸ் ரேட் என்னும் சொற்கள் எவராலும் அந்நியமாகக் கருதப்படுவதில்லை. தொழிலாளர் வீட்டுக் குழந்தைகளுக்கு அவை பேச்சு கற்கும் வயதிலேயே பழகிப்போனவை. ஆயினும் செவிவழி வந்த அதே சொற்கள் புத்தகத்தில் ஆங்கில எழுத்துகளாக நிற்கும்போது, ஆறாம் வகுப்பு மாணவர் பலர் அவற்றை அடையாளம் காண இயலாமல் திணறுகின்றனர். காதுக்குத் தெரிந்த மொழியைக் கண்ணுக்கும் கைக்கும் எவ்வாறு கொண்டு சேர்ப்பது என்பதே நடுநிலை வகுப்புகளில் ஆங்கிலம் கற்பிப்போர் முன்னுள்ள முதன்மையான சிக்கல்.

ஆறு முதல் எட்டு வரையிலான வகுப்புகளில், ஏறத்தாழ 11 முதல் 13 வயது வரையிலான மாணவர்கள் பயில்கின்றனர். தொடக்க வகுப்புகளிலேயே வாசிக்கக் கற்றுவிட்டார்கள் என்னும் எதிர்பார்ப்பின்மேல்தான் இவ்வகுப்புகளின் பாடநூல்கள் எழுதப்படுகின்றன. அந்த எதிர்பார்ப்பு எவ்வளவு தூரம் மெய்யாகிறது என்பதற்கு, ஊரகக் குழந்தைகளின் கற்றல் நிலையை வீடு வீடாகச் சென்று அளக்கும் 'ஏசர்' ஆய்வு சான்றாகிறது. அதன்படி, இந்திய ஊரகங்களில் எளிய ஆங்கில வாக்கியங்களை வாசிக்க முடிந்த எட்டாம் வகுப்பு மாணவர்கள் 2009-இல் 60.2 விழுக்காடாக இருந்து, 2016-இல் 45.2 விழுக்காடாகக் குறைந்தனர்.

இதன்பின் கொரோனா காலம் வந்தது. 2020-இல் தமிழ்நாட்டில் முதல் வகுப்பில் சேர்ந்த குழந்தைகள், 2021 நவம்பரில் பள்ளிகள் திறந்தபோது இரண்டாம் வகுப்பின் நடுப்பகுதியில்தான் முதன்முதலாக வகுப்பறைக்குள் நுழைந்தனர். அவர்கள் மூன்றாம் வகுப்பிலிருந்த 2022-இல்தான் அடிப்படை எழுத்தறிவுக்கான 'எண்ணும் எழுத்தும்' திட்டம் தொடங்கியது. 2025-26-இல் அவர்கள் ஆறாம் வகுப்பை அடைந்தனர். அதே கல்வியாண்டில் அரசுப் பள்ளிகளின் ஆறு முதல் ஒன்பது வரையிலான வகுப்புகளில், தமிழ், ஆங்கிலம், கணக்கு ஆகியவற்றில் பின்தங்கியோருக்கு அடிப்படையைக் கற்பிக்கும் 'திறன்' இயக்கம் கொண்டுவரப்பட்டது.

எழுத்தின் பெயரும் ஒலியும்

தமிழில் வாசிக்கத் தெரிந்த குழந்தைக்கும் ஆங்கில வாசிப்பு கடினமாக இருப்பதற்கு எழுத்து முறையே முதற்காரணம். தமிழில் 'ம' என்னும் எழுத்தின் பெயரும் ஒலியும் ஒன்றே. 247 எழுத்துகளையும் அறிந்தவர் பொருள் தெரியாத சொல்லையும் வாசித்துவிடலாம். ஆங்கிலத்திலோ 26 எழுத்துகளைக் கொண்டு ஏறத்தாழ 44 ஒலிகளை எழுதவேண்டியிருப்பதால், எழுத்தின் பெயர் வேறாகவும் அது சொல்லில் தரும் ஒலி வேறாகவும் அமைகின்றன. சி, ஏ, டி என்று வரிசையாகச் சொன்னால் பூனையைக் குறிக்கும் 'கேட்' என்னும் சொல் பிறப்பதில்லை. எழுத்துகளின் பெயர்களை மனப்பாடம் செய்த மாணவர், சொல்லை உருவாக்க முடியாமல் தடுமாறி, முதல் எழுத்தைப் பார்த்து ஊகிக்கவோ, அருகில் இருப்பவர் சொல்வதைத் திரும்பச் சொல்லவோ பழகிவிடுகிறார்.

எழுத்துக்கும் ஒலிக்கும் உள்ள தொடர்பை வரிசைப்படுத்திக் கற்பிக்கும் ஒலிப்பு முறை, அதாவது 'ஃபோனிக்ஸ்', இதற்குத் தீர்வாகிறது. ஆறாம் வகுப்பு மாணவரை மழலைப் பாட்டுக்குத் திருப்பி அனுப்பினால் அவர் கூச்சமடைவார் என்பதால், அவர் காதுக்குப் பழகிய செக்கிங், பேக்கிங், கட்டிங் போன்ற சொற்களை எழுதிக் காட்டி, அவற்றின் இறுதியில் பொதுவாக வரும் எழுத்துக் கூட்டத்தை அவரே கண்டுபிடிக்கச் செய்யலாம். பொருள் முன்பே தெரிந்திருப்பதால் கவனம் முழுவதும் எழுத்தின்மேல் நிற்கும். ஒரு கூட்டத்தை அறிந்தவர் அதே முடிவுடைய பிற சொற்களையும் வாசிக்கத் துணிவார். ஒடிசாவிலிருந்தும் பீகாரிலிருந்தும் வந்த தொழிலாளர் வீட்டுக் குழந்தைகளுக்கு வீட்டுமொழி, தமிழ், ஆங்கிலம் என மும்மடங்கு சுமை இருப்பினும், கம்பெனிச் சொற்கள் அவர்களுக்கும் பழகியவையே ஆதலால் இம்முறை அவர்களையும் உள்ளடக்கும்.

பாடநூலுக்கு அப்பால் வாசிப்பு

ஒலிகளைக் கூட்டத் தெரிந்த மாணவருக்கு அடுத்த தேவை, வாசிப்பதற்கு நிறைய நூல்கள். வங்காளத்தில் பணியாற்றிய ஆங்கிலேயக் கல்வியாளர் மைக்கேல் வெஸ்ட், 1926-இல் வெளியிட்ட ஆய்வில், பள்ளியை இடையில் விட்டுச் செல்லும் மாணவர் தம்மோடு எடுத்துச் செல்லும் பயன் எவ்வளவு என்னும் கேள்வியை எழுப்பினார். காப்பீட்டுப் பத்திரத்தை இடையில் ஒப்படைத்தால் கைக்கு வரும் 'சரண்டர் மதிப்பு' போல, பாடத்துக்கும் ஒரு மதிப்பு உண்டு என்பதும், பேச்சைவிட வாசிப்புக்கே அம்மதிப்பு மிகுதி என்பதும் அவருடைய வாதம். படிப்பை நிறுத்தும் பிள்ளைகளைப் பனியன் கம்பெனிகள் எளிதில் ஈர்த்துக்கொள்ளும் திருப்பூருக்கு இவ்வாதம் மிகவும் பொருந்தும்.

வாசிப்பதற்கு நிறைய நூல்கள் தருவதன் பயனை, ஃபிஜித் தீவுகளில் எல்லி, மங்குபாய் என்னும் ஆய்வாளர்கள் நடத்தி 1983-இல் வெளியிட்ட ஆய்வு உறுதிசெய்தது. ஆங்கிலத்தை இரண்டாம் மொழியாகப் பயின்ற கிராமப்புறக் குழந்தைகளின் வகுப்பு ஒவ்வொன்றுக்கும் ஏறத்தாழ 250 கதைப்புத்தகங்கள் வழங்கப்பட்டபோது, அவர்களுடைய வாசிப்புத் திறன் வழக்கத்தைப் போல இருமடங்கு வேகத்தில் வளர்ந்தது. இரண்டாம் ஆண்டில் எழுத்துத் திறனிலும் அதன் பயன் தெரிந்தது.

தமிழ்நாட்டுப் பள்ளிக் கல்வித்துறை 2023-இல் தொடங்கிய வாசிப்பு இயக்கம், சிறு நூல்களை நுழை, நட, ஓடு, பற என நான்கு நிலைகளாகப் பிரித்து மாணவர் கையில் கொடுத்தது. வகுப்பைப் பார்க்காமல் வாசிப்பு நிலையைப் பார்த்து நூல் தரும் இவ்வழி ஆங்கிலத்துக்கும் ஏற்றது. சென்னையின் தூலிகா பதிப்பகம் வெளியிடும் இருமொழிப் படநூல்களும், பிரதம் புக்ஸ் நிறுவனத்தின் 'ஸ்டோரிவீவர்' தளத்தில் இலவசமாகக் கிடைக்கும் கதைகளும் இதற்குக் கைகொடுக்கும். தமிழில் கதையை அறிந்தபின் ஆங்கிலத்தில் வாசிப்பவருக்குப் பொருள் தேடும் பாரம் பாதியாகக் குறைகிறது.

சொந்த வாக்கியம்

எழுத்துப் பயிற்சி என்ற பெயரில் பல வகுப்பறைகளில் நடப்பது, கரும்பலகையிலோ நோட்ஸிலோ உள்ள விடையைப் பார்த்து எழுதுவதே. இதனால் கையெழுத்து அழகாகலாம், தேர்வில் மதிப்பெண்ணும் கிடைக்கலாம்; ஆனால் தாம் எழுதிய வரியையே வாசிக்கத் தெரியாத மாணவரும் உருவாகிறார்.

இதை மாற்றும் முயற்சிகள் தமிழ்நாட்டுக்குப் புதியவை அல்ல. சென்னை மாநகராட்சிப் பள்ளிகளில் 2003-இல் தொடங்கிப் பின் மாநிலமெங்கும் பரவிய செயல்வழிக் கற்றலைத் தொடர்ந்து, நடுநிலை வகுப்புகளுக்குப் 'படைப்பாற்றல் கல்வி' என்னும் முறை வந்தது. மாணவர் பாடத்தைத் தாமே வாசித்து, அதன் கருத்துகளைக் கிளைகளாக விரித்து மனவரைபடமாக வரைந்து, குழுவில் ஒப்பிட்டுத் தொகுத்து, வகுப்பின்முன் வழங்கி, இறுதியில் தம் சொற்களில் எழுதுவது அதன் ஒழுங்கு. எழுதுவதற்கு முன்னரே சொற்களும் கருத்துகளும் மாணவரிடம் சேர்ந்திருக்க வேண்டும் என்னும் தெளிவே அம்முறையின் வலிமை. மனவரைபடத்தையும் பார்த்து வரையும் சடங்காக்கியபோது அவ்வலிமை குன்றியது.

அதற்கும் முன்னர், சென்னை பிரிட்டிஷ் கவுன்சிலில் பணியாற்றிய என். எஸ். பிரபு, 1979 முதல் 1984 வரை பெங்களூரு, சென்னை, கடலூர் உள்ளிட்ட ஊர்களின் சாதாரணப் பள்ளிகளில் நடத்திய திட்டம் உலகின் கவனத்தைப் பெற்றது. இலக்கணத்தை நேரடியாகப் போதிக்காமல், கால அட்டவணை, வரைபடம் போன்றவற்றைக் கொடுத்து, அவற்றிலிருந்து விடை காணும் பணிகளை மாணவருக்கு அளித்ததும், பொருளில் மனம் ஊன்றும்போது மொழி தானே படியும் என்று கருதியதும் அத்திட்டத்தின் சிறப்பு.

நெருப்பெரிச்சல் போன்ற பகுதியில் அத்தகைய பணிக்கு உகந்த பாடப்பொருள், ஆடையின் உட்புறத்தில் தைக்கப்படும் சலவைக் குறிப்பு. குளிர்ந்த நீரில் துவைக்கவும், பிளீச் செய்யக்கூடாது, மிதமான சூட்டில் இஸ்திரி போடவும் என்னும் கட்டளைகள் அதில் ஆங்கிலத்தில் இரண்டு மூன்று சொற்களில் அமைந்திருக்கும். தமிழில் இறுதியில் வரும் வினைச்சொல், அங்கே முதலில் வருவதை மாணவர் தாமே காண்பார். அதே அமைப்பில், தேநீர் போடுவதற்கோ சைக்கிள் டயருக்குப் பஞ்சர் ஒட்டுவதற்கோ ஐந்து வரிக் குறிப்பு எழுதச் சொன்னால், அது எந்த நோட்ஸிலும் கிடைக்காத, அவருடைய சொந்த எழுத்தாக அமையும். அதில் எல்லாப் பிழைகளையும் சிவப்பு மையால் அடித்துத் தள்ளுவதைவிட, ஒரு முறைக்கு ஒரு வகைப் பிழையை மட்டும் சுட்டி, மீண்டும் எழுதச் செய்வது பயன் தரும்.

ஒன்றரை ஷிப்ட் முடித்து இரவில் வீடு திரும்பும் பெற்றோர் வீட்டுப்பாடம் பார்ப்பார்கள் என்று எதிர்பார்ப்பதில் நியாயமில்லை ஆதலால், இப்பயிற்சிகள் பள்ளி நேரத்துக்குள்ளேயே நடந்தாக வேண்டும். அதற்கு நாள்தோறும் அரைமணி நேர வாசிப்பும், வாரம் ஒரு சொந்த எழுத்தும் கால அட்டவணையில் இடம்பெற வேண்டும். பள்ளிகளுக்கு உதவ முன்வரும் ஏற்றுமதி நிறுவனங்கள், சுற்றுச்சுவருக்கும் வண்ணப்பூச்சுக்கும் செலவிடுவதில் ஒரு பகுதியை வகுப்பறை நூல்களுக்கு ஒதுக்கலாம். பெற்றோரும் தம் பிள்ளையின் ஆங்கில மதிப்பெண்ணைக் கேட்பதோடு நிற்காமல், முன்பு பார்த்திராத ஒரு பத்தியை வாசிக்கவும் அதைப் பற்றி நான்கு வரி தானாக எழுதவும் பிள்ளையால் முடிகிறதா என்று ஆசிரியரிடம் கேட்க வேண்டும்.